ஆண்டு பொறித்த ஷாம்பெய்னைச் சுவைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஷாம்பெய்ன் பாட்டிலின் லேபிளில் 2008 என்றோ 2012 என்றோ நான்கு இலக்கங்கள் அச்சாகியிருந்தால், உள்ளே இருப்பது அந்த ஓர் ஆண்டின் திராட்சையிலிருந்து மட்டுமே எடுத்த ஒயின் என்று பொருள். கடைகளில் அதிகம் தென்படும், ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன் அப்படிப்பட்டதல்ல. சென்ற ஆண்டு வாங்கியதும் இந்த ஆண்டு வாங்குவதும் ஒரே சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பல வருடங்களின் ஒயின்களைக் கலந்து அதை உருவாக்குகிறார்கள். விண்டேஜ் எனப்படும் ஆண்டு பொறித்த பாட்டிலோ, அந்த வருடத்து வெயில், மழை, பனி எதையும் ஒளிக்காமல் காட்டுவதற்கென்றே தனியாக எடுத்து வைக்கப்பட்டு, நிலவறையில் பல ஆண்டுகள் காத்திருந்து வெளிவருகிறது. அதைக் கொண்டாட்டத்துக்கான நுரையாக நினைத்து, பல் கூசும் குளிரில், ஒல்லியான கிளாஸில், நின்ற வாக்கிலேயே குடித்து முடித்தால், கொடுத்த காசில் பாதி வீண். முதலில் இது முதிர்ந்த ஒரு வெள்ளை ஒயின். நுரை அதற்கு அடுத்ததுதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கருத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது.

எந்த பாட்டிலை வாங்குவது

ஷாம்பெய்ன் என்ற பெயர், பிரான்ஸின் வடகிழக்கில் ரேன்ஸ், எபெர்னே ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் விளைந்து, அங்கேயே நுரை ஒயினாக மாறியதற்கு மட்டுமே உரியது. அங்கே முக்கியமாகப் பயிராகும் மூன்று திராட்சை ரகங்களில் பினோ நுவாரும் மெனியேவும் கறுப்பு, ஷார்டனே வெள்ளை. கறுப்புத் திராட்சையின் சாறும் ஏறத்தாழ நிறமற்றதே என்பதால், தோலோடு ஊறவிடாமல் மென்மையாகப் பிழிந்தால் அதிலிருந்தும் வெள்ளை ஒயினே கிடைக்கும். வெள்ளைத் திராட்சையை மட்டும் கொண்டு செய்ததற்கு 'பிளாங் த பிளாங்' என்று பெயர். நடைமுறையில் அது பெரும்பாலும் முழுக்க முழுக்க ஷார்டனே. சுவைத்துப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஆண்டு பொறித்த பிளாங் த பிளாங்கைத்தான். ஒரே ரகம், ஒரே வருடம் என்று இருந்தால், நாக்கில் படுவது எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது எளிது.

எபெர்னேக்குத் தெற்கே நீளும் கோத் தே பிளாங் சரிவு ஷார்டனேயின் தாய்வீடு. ஷாம்பெய்னில் மிக உயர்ந்த 'கிராங் க்ரூ' தகுதி பெற்ற கிராமங்கள் மொத்தம் 17. அவற்றுள் ஷூயி, ஒய்ரி, க்ரமான், அவீஸ், ஓஜே, லெ மெனில் சுர் ஓஜே ஆகிய ஆறும் இந்தச் சரிவில் இருக்கின்றன. மேல்மண் மெலிதாக இருக்க, அதன் கீழே வெள்ளைச் சுண்ணக்கல் ஆழமாக இறங்குகிறது. நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல் ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 400 லிட்டர் வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. லெ மெனில் ஒயின் இளமையில் இறுக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கும். க்ரமான் சற்று உருண்டு, பட்டுப்போல வழுக்கும். ஸலோன் என்ற சிறிய நிறுவனம் லெ மெனில் ஷார்டனேயில், நல்ல ஆண்டுகளில் மட்டும், ஒரே ஒரு ஒயினைச் செய்கிறது. அதே கிராமத்தில் மதில் சூழ்ந்த 1.84 ஹெக்டேர் தோட்டத்திலிருந்து க்ருக் நிறுவனம் க்லோ த்யு மெனிலை எடுக்கிறது. இவற்றின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பழகுவதற்கு அவை தேவையும் இல்லை. லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.' என்று இருந்தால், திராட்சையைப் பயிரிட்டவரே ஒயினையும் செய்து விற்கிறார் என்று அர்த்தம், 'என்.எம்.' என்பது திராட்சையை வெளியிலும் வாங்கும் நிறுவனங்களுக்கானது. மேலே சொன்ன கிராமங்களைச் சேர்ந்த ஒரு சிறு விவசாயியின் விண்டேஜ் பாட்டில், பெரிய பெயர்களின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும்.

வருடத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. 2008இன் கோடை குளிர்ந்து மந்தமாகவே கழிந்தது. செப்டம்பர் வெயில்தான் அறுவடையைக் காப்பாற்றியது. அதனால் புளிப்பு உயர்ந்து, நீண்ட ஆயுளுள்ள ஒயின்கள் வந்தன. 2002 பழுத்ததும் சமநிலை கொண்டதுமான ஆண்டு. 2003இல் ஏப்ரல் உறைபனி ஷார்டனே மொட்டுகளைக் கருக்க, பின்னால் வந்த அனல்காற்றில் ஆகஸ்ட் மாதமே அறுவடையைத் தொடங்க நேர்ந்தது; புளிப்புக் குறைந்த, சீக்கிரம் முதிர்ந்த ஒயின்கள் அவை. 1996இல் சர்க்கரையும் புளிப்பும் ஒருசேர உச்சத்தில் இருந்தன. அந்த ஆண்டுப் பாட்டில்களில் சில இன்றும் கத்திபோல இருக்கின்றன, சில புளிப்பு மட்டும் மிஞ்சிப் பழம் வற்றிப் போயிருக்கின்றன. முதல் தடவைக்கு 2008 அல்லது 2012 பாதுகாப்பான தேர்வு.

லேபிளில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, இனிப்பின் அளவு. 'ப்ரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்த சர்க்கரை, 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' என்றால் 6 கிராம் வரை, 'ப்ரூட் நாத்யுர்' என்றால் சர்க்கரை சேர்க்காமல் 3 கிராமுக்கும் குறைவு. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அது 12 முதல் 17 கிராம் வரை இருக்கக்கூடும், அதாவது ப்ரூட்டைவிட இனிப்பானது. மற்றொன்று, பின்புற லேபிளில் சிலர் அச்சிடும் மண்டி நீக்கிய தேதி. அதன் முக்கியத்துவம் அடுத்த பகுதியில் புரியும்.

பாட்டிலுக்குள் நடந்தது என்ன

முதலில் தொட்டியில் நொதித்து உருவாவது நுரையில்லாத, மிகப் புளிப்பான வெள்ளை ஒயின். அதை பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினிலேயே கரைந்து, அழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டலத்தை எட்டுகிறது. காரின் டயரில் இருப்பதைப்போல இரண்டரை மடங்கு. வேலை முடிந்து இறந்த ஈஸ்ட், பாட்டிலின் பக்கத்தில் மண்டியாகப் படிகிறது. அந்த மண்டியின் மேல் ஒயின் கிடக்கும் காலம்தான் விண்டேஜின் உயிர்நாடி. ஈஸ்ட் செல்கள் மெதுவாகச் சிதைந்து, அமினோ அமிலங்களையும் புரதங்களையும் ஒயினுக்குள் விடுகின்றன. ரொட்டி வாசமும் வாயில் படியும் வழவழப்பும் அங்கிருந்தே வருகின்றன. ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன் பாட்டிலில் அடைத்த பிறகு குறைந்தது 15 மாதம் காத்திருந்தால் போதும். விண்டேஜுக்குச் சட்டம் 3 ஆண்டு கேட்கிறது, நல்ல தயாரிப்பாளர்கள் 7, 8 ஆண்டுகள்கூட விட்டுவைக்கிறார்கள்.

பிறகு பாட்டில்களைத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை உறையவைத்து, மூடியைத் திறந்து வெளியே தள்ளுகிறார்கள். அந்தக் காலியிடத்தை ஒயினும் சர்க்கரையும் கலந்த கரைசலால் நிரப்பி கார்க் அடைப்பதே தொசாஜ். மண்டி இருக்கும்வரை அது ஆக்சிஜனை உறிஞ்சி ஒயினை இளமையாக வைத்திருக்கும். நீக்கிய நாளிலிருந்து வேறு வகையான முதுமை தொடங்குகிறது. ஒரே 2008 பாட்டில், 2016இல் மண்டி நீக்கப்பட்டதென்றால் ஒரு முகமும், 2022இல் நீக்கப்பட்டதென்றால் வேறொரு முகமும் காட்டும் என்பது இதனால்தான். மண்டி நீக்கிய உடனே ஒயின் சற்றுக் குழம்பியிருக்கும். குறைந்தது ஆறு மாதம் கழித்துத் திறப்பது நல்லது.

வைத்திருப்பதும் குளிர வைப்பதும்

2010இல் பால்டிக் கடலில், ஓலாந்து தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலொன்றில் 168 ஷாம்பெய்ன் பாட்டில்கள் கிடைத்தன. ஏறத்தாழ 170 ஆண்டுகள் இருட்டிலும் கடுங்குளிரிலும் கிடந்த அந்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை இருந்தது. அந்தக் காலத்து ருசி அப்படி. அதை ஆராய்ந்தவர்களுக்கு முதலில் விலங்கு வாடையும் நனைந்த முடியின் வாடையும்தான் அடித்தன. கிளாஸைச் சுழற்றிக் காற்றுப்பட வைத்த பிறகு புகை, தோல், மசாலா, பூ, பழம் என்று வாசனைகள் மலர்ந்தன. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு: பழைய ஷாம்பெய்னுக்கு வேண்டியது இருட்டும் மாறாத குளிரும், திறந்தவுடன் வரும் முதல் வாடையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இந்த முதல் பாடத்தை நான் சொந்தச் செலவில் கற்றேன். விமான நிலையத்தில் வாங்கி வந்த ஒரு நல்ல விண்டேஜ் பாட்டிலை, 'விசேஷத்துக்கு ஆகும்' என்று சென்னை வீட்டுச் சமையலறைப் பரணில் ஏற்றி வைத்தேன். இரண்டு கோடைகள் கழித்து இறக்கித் திறந்தபோது கார்க் சத்தமே இல்லாமல் கழன்றது; கிளாஸில் விழுந்தது வெளிறிய பொன்னிறமல்ல, ஆறிய டீயின் நிறம்; மூக்கில் அடித்தது, நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிளின் வாடை. ஒயினில் தவறில்லை, பரணில்தான் தவறு. ஷாம்பெய்ன் நிலவறைகள் ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரிக்குள் இருக்கும். நம் ஊரில் ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லாதவர்கள் வாங்கிய சில வாரங்களிலேயே திறந்துவிடுவது உத்தமம். அதுவரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், காகிதம் சுற்றி வைக்கலாம்.

காகிதம் சுற்றுவது சும்மா அல்ல. ஒளி பட்டால் ஒயினில் உள்ள ரைபோஃப்ளேவின் தூண்டப்பட்டு, கந்தகம் கொண்ட அமினோ அமிலம் சிதைந்து, வேகவைத்த முட்டைகோஸின் நாற்றம் உண்டாகிறது. பச்சை பாட்டில் ஓரளவு தடுக்கும். நிறமற்ற கண்ணாடி சற்றும் தடுக்காது. ரோதெரேர் நிறுவனத்தின் க்ரிஸ்தால் நிறமற்ற பாட்டிலில் வருவதால்தான் அதை மஞ்சள் செல்லோஃபேன் தாளில் சுற்றி விற்கிறார்கள். கடையில் விளக்கு வெளிச்சம் நேராக விழும் அலமாரியில் நிற்கும் பாட்டிலைத் தவிர்த்துவிட்டு, உள்ளே இருந்து வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

குளிர்ச்சியின் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். சாதாரண ஷாம்பெய்னுக்கு 8 டிகிரி சரி. விண்டேஜுக்கு 10 முதல் 12 வரை வேண்டும். அதற்குக் கீழே போனால் வாசனை ஒடுங்கிப் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஃபிரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வைத்து, திறப்பதற்குக் கால் மணி நேரம் முன் வெளியே எடுக்கலாம். சென்னை வெயில் காலமானால் பத்து நிமிடமே அதிகம். அவசரமென்றால், பாதி ஐஸும் பாதித் தண்ணீருமாக நிரப்பிய வாளியில் 20 முதல் 30 நிமிடம் அமிழ்த்தலாம். வெறும் ஐஸைவிட தண்ணீர் கலந்த ஐஸ் பாட்டிலை எல்லாப் பக்கமும் தொட்டு விரைவாகக் குளிரவைக்கும். ஃப்ரீஸரில் வைக்காதீர்கள், மறந்துவிட்டால் வெடிக்கும். லெ மெனிலில் ஒரு விவசாயி வீட்டு நிலவறையில் எங்களுக்கு ஊற்றித் தந்தபோது ஐஸ் வாளி என்ற பேச்சே எழவில்லை. சுண்ணக்கல் சுவரில் சாய்ந்து கிடந்த பாட்டிலை எடுத்துத் துடைத்து, அப்படியே திறந்தார். அதுதான் சரியான குளிர்ச்சி.

கிளாஸ்

உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் ஃப்ளூட் கிளாஸ், குமிழிகள் மேலேறும் அழகைக் காட்டும். வாசனை தங்க அதில் இடமில்லை. அகன்று தட்டையான கூப் கிளாஸிலோ வாயு விரைந்து ஓடிவிடும். நடுவில் அகன்று வாய் குறுகும் ட்யூலிப் வடிவக் கிளாஸ் வேண்டும். அது இல்லையென்றால் சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸே போதும்.

குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்பது சுவையான சங்கதி. ரேன்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்து, கிளாஸின் சுவரில் ஒட்டியிருக்கும் பஞ்சு, தூசி ஆகியவற்றின் நுண்ணிய நார்களுக்குள் சிக்கிய காற்றுதான் குமிழிகளுக்குப் பிறப்பிடம் என்று காட்டினார். துளியும் அழுக்கற்ற வழவழப்பான கிளாஸில் குமிழியே அரிதாகத்தான் எழும். ஆகவே குமிழி குறைந்தால் ஒயினைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பின் படலம் மிஞ்சியிருந்தால் நுரை உடனே செத்துவிடும். வெந்நீரில் மட்டும் கழுவி, சுத்தமான பருத்தித் துணியால் துடைத்தால், துணி விட்டுச் செல்லும் நார் நமக்கு உதவும். அலமாரி வாடையோ துணியின் வாடையோ ஏறியிருக்கிறதா என்று காலிக் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

திறப்பதும் ஊற்றுவதும்

உறைத்தாளைக் கிழித்ததும் கட்டைவிரல் கார்க்கின் தலையில் இருக்க வேண்டும். இனி கடைசிவரை அது நகரக் கூடாது. கம்பிக் கூட்டின் வளையத்தை ஆறு அரைச் சுற்றுத் திருப்பினால் தளர்ந்துவிடும். கூட்டைக் கழற்றாமல், கார்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலை 45 டிகிரிக்குச் சாய்த்து, ஆள் இல்லாத பக்கம் நோக்கி வைத்து, கார்க்கை அசையாமல் பிடித்தபடி பாட்டிலின் அடிப்பாகத்தைத் திருப்ப வேண்டும். கார்க் வெளியே தள்ளத் தொடங்கும்போது விடாமல் எதிர்த்து அழுத்தி, ஓரத்தில் சிறிது வழிவிட்டால், நீண்ட பெருமூச்சு போன்ற ஒலியோடு வாயு வெளியேறும். 'டப்' என்று வெடித்தால் நுரை பொங்கி ஒயின் தரையில் போகும், சில சமயம் கண்ணும் போகும்.

கழற்றிய கார்க்கை எறியாதீர்கள். அடிப்பாகம் பாவாடைபோல விரிந்திருந்தால் அது அண்மையில் அடைக்கப்பட்டது. கழுத்தின் அளவிலேயே குறுகி, மர ஆப்புபோல இருந்தால் பல ஆண்டுகளுக்கு முன் மண்டி நீக்கியது. லேபிளில் தேதி இல்லாத பாட்டிலுக்குக் கார்க்கே சாட்சி.

கிளாஸைச் சாய்த்து, பக்கவாட்டில் வழியும்படி ஊற்றுங்கள். பீர் ஊற்றுவது போலத்தான். நேராக உயரத்திலிருந்து ஊற்றினால் கரைந்த வாயு வெகுவாக இழக்கப்படுகிறது என்பதையும் லிஜே-பெலேர் குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். முதலில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, நுரை அடங்கிய பிறகு மூன்றில் ஒரு பங்கு வரை நிரப்பினால் போதும். மிச்ச இடம் வாசனைக்கு.

கண்ணால்

வெள்ளைத் தாளின் முன் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். இளம் பிளாங் த பிளாங்கில் பச்சை ஓடிய வெளிர் மஞ்சள் இருக்கும். பத்து ஆண்டில் வைக்கோல் நிறமாகும், இருபதில் பொன்னிறம் ஏறும். கார்க் வழியாக வாயு வருடந்தோறும் சிறிது சிறிதாகக் கசிவதால், முதிர்ந்த ஒயினில் குமிழி சிறிதாகவும் குறைவாகவும் இருப்பது இயல்பு. 'குமிழி எவ்வளவு பொடியோ அவ்வளவு உயர்ந்த ஒயின்' என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதும் கிளாஸும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. கண்ணுக்கு இவ்வளவு போதும்.

மூக்கால்

சுவைப்பதில் மிகப் பெரிய பங்கு இதுதான். ஊற்றிய உடனே மூக்கை உள்ளே விட்டால் கரியமில வாயு சுரீரென்று ஏறி, சில நொடிகளுக்கு வேறு எதையும் உணர விடாது. அரை நிமிடம் பொறுத்து, கிளாஸைச் சுழற்றாமல், விளிம்புக்குச் சற்று மேலே மூக்கை வைத்து மெதுவாக இழுங்கள். முதலில் தேட வேண்டியது குறையை. ஈரமான அட்டைப்பெட்டியின், மழைக்காலத்துப் பழைய புத்தகக் கட்டின் பூஞ்சை வாடை அடித்தால், கார்க்கில் டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள் கலந்திருக்கிறது. எத்தனை நேரம் வைத்தாலும் அது போகாது, கடையில் திருப்பித் தரலாம். முட்டைகோஸ் வாடை ஒளியால் வந்தது, கறுத்த ஆப்பிள் வாடை காற்றாலும் வெப்பத்தாலும் வந்தது.

குறை இல்லையென்றால் கிளாஸின் காலைப் பிடித்து இரண்டு சுற்று மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். சிவப்பு ஒயினைப் போல வேகமாகச் சுழற்றினால் நுரை வீணாகும். இனி வாசனைகளை மூன்று அடுக்காகப் பிரித்துத் தேடுவது என் வழக்கம். முதல் அடுக்கு திராட்சையினுடையது: எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் எண்ணெய், நார்த்தங்காய், பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூக்கள். சிலேட்டில் ஈரத்துணி ஓட்டினால் வரும் வாசம்போல ஒன்றும் இருக்கும். கோத் தே பிளாங் ஒயின்களில் 'சுண்ண வாசம்' என்று பலரும் குறிப்பிடுவது இதுதான். இரண்டாம் அடுக்கு ஈஸ்ட் மண்டியினுடையது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே 'ப்ரியோஷ்' என்ற வெண்ணெய் ரொட்டியின் பெயரைச் சொல்வார்கள். அதைத் தின்றிராத நமக்கு அதிகாலையில் பேக்கரி வாசலைக் கடக்கும்போது வரும் பன் வாசனை, மாரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்த நொடி, வெண்ணெய் உருகிச் சலசலப்பு அடங்கும் வேளை ஆகியவையே சரியான அடையாளங்கள். ஒயின் நூல்களின் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, நம் மூக்கு ஏற்கெனவே அறிந்ததோடு பொருத்திப் பார்ப்பது பலமடங்கு பயன் தரும். நினைவில் இல்லாத வாசனையை யாராலும் அடையாளம் காண முடியாது.

மூன்றாம் அடுக்கு வயதினுடையது, விண்டேஜுக்குக் காசு கொடுப்பதே இதற்காக. வறுத்த பாதாம், தேன், உலர்ந்த அத்தி, சில சமயம் புதிதாக அரைத்த காப்பித்தூள், இன்னும் பழையதானால் காளான். ஈஸ்ட் விட்டுச் சென்ற அமினோ அமிலங்களும் தொசாஜின் சர்க்கரையும் மெல்ல வினைபுரிவது இந்த வறுவல் வாசனைகளுக்கு ஒரு காரணம். தோசை முறுகும்போது கல்லின் சூட்டில் ஒரு நிமிடத்தில் நிகழும் வினையின் உறவினர் இது. நிலவறையின் குளிரில் ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. மூன்று அடுக்கும் ஒருசேரத் தெரிந்தால், அந்த பாட்டில் சரியான வயதில் திறக்கப்பட்டிருக்கிறது. முதல் அடுக்கு மட்டுமே தெரிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். மூன்றாவது மட்டும் என்றால் தாமதித்துவிட்டீர்கள்.

நாக்கால்

முதல் வாயை எடைபோடாதீர்கள். அது நாக்கைத் தயார்படுத்துவதற்கு. இரண்டாம் வாயில் ஒரு பெரிய தேக்கரண்டி அளவு எடுத்து, ஐந்தாறு நொடி வாயில் உருட்டுங்கள். கவனிக்க வேண்டிய முதல் விஷயம் நுரையின் தன்மை. சோடா நாக்கைக் குத்தும்; நல்ல விண்டேஜின் நுரை, அடித்த பாலாடைபோல நாக்கில் படர்ந்து கரையும். மண்டியிலிருந்து வந்த புரதங்களும், வயதால் குறைந்த வாயுவும் சேர்ந்து செய்யும் வேலை அது.

அடுத்தது புளிப்பு. விழுங்கியபின் தாடையின் இரு பக்கமும் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பதே அதன் அளவுகோல். 2008இல் அது வெள்ளமாக ஊறும். புளிப்பு அதிகம் என்பது குறையல்ல, அதைத் தாங்கும் பழமும் உடலும் உள்ளனவா என்பதே கேள்வி. புளி தூக்கலான ரசத்தை ஒரு துண்டு வெல்லம் எப்படிச் சமன் செய்கிறதோ, அதுபோலவே தொசாஜின் சில கிராம் சர்க்கரை இங்கே வேலை செய்கிறது. வெல்லம் போட்டதே தெரியக் கூடாது. இனிப்பு தனியாகத் துருத்தித் தெரிந்தால் தொசாஜ் கூடிவிட்டது என்று பொருள். சில தயாரிப்பாளர்கள், ஆப்பிள் போன்ற கூர்ந்த மாலிக் அமிலத்தைத் தயிரின் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் நொதித்தலை வேண்டுமென்றே தடுத்துவிடுவார்கள். அவர்களுடைய ஒயின் இளமையில் முரடாகவும், பதினைந்து இருபது ஆண்டில் அற்புதமாகவும் இருக்கும்.

கடைசியாக, பின்சுவை. விழுங்கிய கணத்திலிருந்து சுவை எத்தனை நொடி நீடிக்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஐந்து நொடியில் மறைந்தால் சாதாரணம். பதினைந்தைத் தாண்டி, உப்பும் சுண்ணமும் எலுமிச்சையுமாக இழுத்துக்கொண்டே போனால் அது பெரிய ஒயின். இழுத்துக்கொண்டு போவது வெறும் புளிப்பா, அல்லது வாசனையும் கூடவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல பாட்டில்களை ஒரே அமர்வில் ஒப்பிடுகிறவர்கள் விழுங்காமல் துப்புவது உலக வழக்கம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 12 சதவீத ஆல்கஹால் மூன்றாவது கிளாஸிலேயே மூக்கை மழுக்கிவிடும்.

ஒரு மணி நேரம் கொடுங்கள்

இதைத் தவறவிடுகிறவர்களே அதிகம். அதே கிளாஸை 10 டிகிரியில் ஒருமுறை, 12இல் ஒருமுறை, 14ஐ நெருங்கும்போது ஒருமுறை சுவையுங்கள். முதலில் எலுமிச்சையும் சுண்ணமுமாக இறுகி நின்றது, அரை மணியில் பன்னும் பாதாமுமாக அவிழும்; கிளாஸின் அடியில் நுரை ஓய்ந்த கடைசி வாயில் தேன் வரும். நுரை ஓய்ந்த பிறகும் குடிக்கத் தோன்றுகிறதா என்பதே விண்டேஜ் ஷாம்பெய்னுக்கு நான் வைக்கும் தேர்வு. தோன்றவில்லையென்றால் அங்கே நுரைதான் இருந்தது, ஒயின் இல்லை. ஒவ்வொரு நிலையிலும் இரண்டு வரி எழுதி வைத்து, வருடம், மண்டி நீக்கிய தேதி, திறந்த நாள் மூன்றையும் குறித்துக்கொண்டால், அடுத்த பாட்டிலைத் திறக்கும்போது ஒப்பிட ஏதாவது கையில் இருக்கும்.

உடன் எதைச் சாப்பிடுவது

இளம் பிளாங் த பிளாங்குக்குச் சிப்பி. முதிர்ந்ததற்கு நாள்பட்ட கோம்தே பாலாடைக்கட்டி, வெண்ணெயில் வதக்கிய காளான், தோல் முறுகச் சுட்ட கோழி. ரேன்ஸில் ரோஜா நிற பிஸ்கட்டை ஷாம்பெய்னில் தோய்த்துத் தின்பார்கள். விண்டேஜில் தோய்க்க மனம் வராது. கேக்கோடு ப்ரூட் ஷாம்பெய்ன் குடிக்கும் வழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்களோ தெரியவில்லை: கேக்கின் இனிப்புக்குப் பக்கத்தில் ஒயின் வெறும் எலுமிச்சைத் தண்ணீராகிவிடும். மிளகாய்க் காரமும் ஆகாது, குமிழி அந்த எரிச்சலை இரட்டிப்பாக்கும். உப்பும் எண்ணெயும்தான் இந்தப் புளிப்புக்கு இணை என்பதால், காரமில்லாத வெண்ணெய் முறுக்கு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. சிப்பிக்கு அலைய வேண்டியதில்லை.

மிச்சம் இருந்தால்

பாட்டிலின் வாயில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் வாயு போகாது என்பது வெறும் நம்பிக்கை. கரண்டி எதையும் செய்வதில்லை. ஷாம்பெய்னுக்கென்றே விற்கும் கவ்விப் பிடிக்கும் மூடியைப் போட்டு, ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சில விண்டேஜ்கள் மறுநாள்தான் வாய் திறந்து பேசுகின்றன, எனவே ஒரு கிளாஸ் அளவு வேண்டுமென்றே மிச்சம் வையுங்கள். குடித்து முடித்த கிளாஸையும் உடனே கழுவிவிடாமல் பத்து நிமிடம் கழித்து எடுத்து முகர்ந்து பாருங்கள். நுரையும் ஈரமும் போன அந்தக் காலிக் கிளாஸில் பிஸ்கட்டும் தேனும் இன்னும் தங்கியிருக்கும்.